உதட்டசைவு

அந்தேரி ஆரம் நகரில், கார் கழுவுகிற கடைக்குப் பின்னால்
முட்டை அட்டை ஒட்டிய ஒரு சின்ன அறை.
ராணிக்குத் தமிழ் வருவது இங்கேதான்.

இந்தியில் அவள் 'ஆஜாதி' என்கிறாள்.
வாய் திறந்தே தொடங்கித் திறந்தே முடிகிற சொல்.
'சுதந்திரம்' போட்டால் கடைசியில் உதடு மூடிவிடும்,
திரையில் அவளுக்குப் பல் தெரிந்துகொண்டே இருக்கும்.
'விடுதலை' என்றால் முதல் எழுத்து மட்டும் இடிக்கும்.
யாரும் வாயைப் பார்க்க மாட்டார்கள், நகையைப் பார்ப்பார்கள்
என்கிறார் ஒலிப்பதிவாளர் சாவந்த்.
ஆக, விடுதலை. பதினேழு இடத்தில்.
பெரும்பாலும் பின்னால் ஒரு குதிரை கனைக்கும்.

மூன்றாவது ரீலில் ராணி பல்லக்கில் வருகிறாள்.
பட்டுத்திரையை விலக்கிச் சொல்கிறாள்:
"என் மண்ணில் எவனும் எவனுக்கும் அடிமை இல்லை."
பல்லக்கு ஒரு சொட்டு ஆடவில்லை.
சுமக்கிறவர்கள் சட்டகத்துக்கு வெளியே.
இரண்டு வினாடி மட்டும் ஒரு தோள் உள்ளே வந்து போகிறது.
காய்ப்பு ஏறிய தோள்.
ஒப்பனையாகவும் இருக்கலாம்.

தயாரிப்பாளர் போனில் சொன்னார்:
கொஞ்சம் கல்வெட்டு வாசனை வேண்டும் சார்,
தமிழ்நாட்டில் அதைக் கேட்பார்கள்.
எனக்கு மனப்பாடமாய் இருந்தது ஒரே ஒரு வாசகம்.
பஞ்சத்தில் ஒருவன் தன்னை விற்றுக்கொண்ட ஓலை:
நானும் என் பெண்டும் எங்கள் மக்களும்
மக்கள் பெறும் மக்களும்
சந்திர சூரியர் உள்ளவரை.
முன்னால் இருந்ததை விட்டுவிட்டு
வாலை மட்டும் வெட்டி ராணிக்குக் கொடுத்தேன்:
"சந்திர சூரியர் உள்ளவரை இது விடுதலை மண்!"
அறையில் எல்லோரும் கை தட்டினார்கள்.
நானும் தட்டினேன்.
ரீலுக்கு இவ்வளவு என்று பேச்சு,
இரண்டாவது ரீல் பணம் இன்னும் வரவில்லை.

ஒன்பதாவது ரீல். இரவு.
ராணி விளக்கொளியில் சபதம் எழுதுகிறாள்.
பின்னால், கலங்கலாய், கவரி வீசுகிறவள்.
அவள் உதடு அசைகிறது.
வசனத் தாளில் ஒன்றும் இல்லை.
ஓட்டிப் பார்த்தேன். திரும்ப ஓட்டினேன்.
இந்தியில் எதுவும் பொருந்தவில்லை.
மராத்தி இல்லை என்று சாவந்த் தலையாட்டினார்.
நாலாவது முறைதான் பிடிபட்டது:
திறந்து, மூடி, பின் இன்னொரு முறை மூடி,
குவிந்து, கடைசியில் அகல விரிந்தது.
'காலு மரத்துப் போச்சுக்கா.'

தாராவி தொண்ணூறடி சாலையில்
விடிகாலை ஐந்து மணிக்கு வேனில் ஏறியிருப்பாள்.
எதிரில் கவரி வீசிய அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.
அக்கா திரும்பவில்லை. ஷாட் போய்க்கொண்டிருந்தது.
இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில்
நான் மொழிபெயர்க்க வேண்டாத ஒரே வசனம்.

பேக்கிரவுண்டு ஆள்தானே,
முரசை ஏற்றிவிட்டால் தெரியாது என்றார் சாவந்த்.
ஒரு டேக் எடுத்துவிடலாம் என்றேன்.
ஏன் என்று அவர் கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது.
ராணிக்குக் குரல் தரும் ஜெபக்கனி
அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
காலையிலிருந்து மைக் முன்னால் நிற்கிறாள்.
தாளை நீட்டினேன், வாங்கவில்லை.
ஒருமுறை பார்த்தாள், சொன்னாள்,
தண்ணீர் குடிக்கப் போனாள்.

முரசு ஏறத்தான் போகிறது.

சேமிக்க ஒரு பெயர் வேண்டும் என்றார் சாவந்த்.
பாத்திரப் பட்டியலில் தேடினோம்:
ராணி, தளபதி, ஒற்றன், ராணியின் கிளி.
துணை நடிகர் பட்டியலில் பெண்கள், ஒரு வேன்.
பொருள் பட்டியலில் மட்டும் கணக்குச் சரியாக இருந்தது.
கவரி, நைலான், எண்ணிக்கை இரண்டு,
திருப்பித் தர வேண்டும்.
இடப்பக்கம் நிற்பவள் என்பதால்
'கவரி இரண்டு' என்று தட்டச்சு செய்தார்.
நான் அடுத்த ரீலைப் போடச் சொன்னேன்.